ஒரு கைக்குச் செய்த கிட்டார்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "காயில் சுத்துற வேலை" என்பேன். உடனே, "ஃபேனுக்கா, மோட்டாருக்கா?" என்பார்கள். கிட்டாருக்கு என்றதும் முகம் மாறிவிடும். கிட்டாரில் காயில் எங்கே இருக்கிறது, அது மரமும் தந்தியும்தானே என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வாதாடியே இருக்கிறார். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டார். எதிர்வீட்டுக்காரரும் மலர் படிப்பவர்தான் என்பதால் உடனே ஒத்துக்கொண்டேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி பதித்திருப்பார்கள். அதற்குப் பிக்கப் என்று பெயர். உள்ளே காந்தம் இருக்கும். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால், காயில் என்கிற அந்தச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியைத்தான் ஆம்ப்ளிஃபையர் ஊர் கேட்கும்படி ஆக்குகிறது. அந்தப் பெட்டி இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் வெறும் பலகை. அந்தப் பெட்டியைச் செய்வதுதான் என் வேலை.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து தம்பானூர் ஹோட்டல் ஒன்றுக்குச் சப்ளையராக வந்தவர். நான் பிறந்தது, சாலை என்கிற கடைவீதிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தது, கல்யாணமாகி ஸ்ரீவராகத்தில் குடிவந்தது எல்லாமே மலையாளம் பேசும் இந்த ஊரில்தான். பத்தாம் வகுப்பு முடித்ததும் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து காயில் சுற்றக் கற்றேன். அந்தக் கம்பெனியை மூடியபோது, மெல்லிய கம்பியை அறுக்காமல் சுற்றத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி வந்தவர் தாமஸ் சார். மணக்காட்டில் அவர் வீட்டுப் பின்கட்டில்தான் பட்டறை. மரவேலைக்குச் சுகுமாரன் ஆசாரி, காயிலுக்கு நான், பித்தளை, வயரிங், மற்ற எல்லாவற்றுக்கும் சார். கடைசிவரை நாங்கள் மூன்று பேர்தான்.

தாமஸ் சார் முதலில் கானமேளா குழுக்களுக்கு ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்தவர். திருவிழா சீசனில் ராத்திரி முழுக்கச் சினிமாப் பாட்டுப் பாடும் அந்தக் குழுக்களில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். தமிழ் முழுக்கச் சினிமாக் கொட்டகையில் படித்தது.

கிட்டார் செய்யச் சொல்லி வருகிறவர்களிடம் என்ன மாடல், என்ன நிறம் என்று அவர் கேட்க மாட்டார். சாயா கொடுத்து உட்கார வைப்பார். வெவ்வேறு தடிமனில் செதுக்கிய கிட்டார்க் கழுத்துகள் ஒரு வரிசை சுவரில் தொங்கும். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "எந்த கிட்டாரைக் கண்டா உனக்கு தேஷ்யம் வரும்?" கோபம் வரும் கிட்டார் எது என்று கேட்கிறார். பிடித்ததைக் கேட்டால் ஆள் படித்ததை ஒப்பிப்பான், பிடிக்காததைக் கேட்டால்தான் உண்மை வரும் என்பது அவர் கணக்கு.

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் இந்தக் கேள்விக்கு, "உம்முன்னு இரையுற கிட்டார் எல்லாம்" என்றார். அவரிடம் நான்கு கிட்டார் இருந்தது, நான்கும் இரைகிறதாம். இரையாத கிட்டார் ஒன்று செய்து தரவேண்டும். சார் அன்று சாயங்காலமே அவர் ஃபிளாட்டுக்குப் போய், ஃபேன் ரெகுலேட்டரை மாற்றிவிட்டு வந்தார். நான்கும் இரைச்சலை நிறுத்திவிட்டன. ஆர்டர் போனதே என்று ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "கிட்டாருக்கு அசுகம் இல்லாதப்ப நான் எந்தினு மருந்து கொடுக்கணும்?" என்று சார் கேட்டார்.

எத்தனையோ கிட்டார் செய்தோம். நான் எழுத நினைத்தது ராஜனுடையதைப் பற்றி.

முதலில் வந்தது ராஜன் இல்லை, அவன் மனைவி லதா. கிழக்கேகோட்டையில் ஜவுளிக் கடையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடை யூனிஃபார்ம் சேலையோடு, தோளில் ஒரு பழைய கிட்டாரைச் சுமந்துகொண்டு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கிட்டார் செய்யணும் சார். ஒரு கையால வாசிக்க முடியுத மாதிரி."

கானமேளாவில் லீட் கிட்டார் வாசித்த ராஜன் என்றதும் சாருக்கு ஆள் புரிந்துவிட்டது. பைக் விபத்தில் வலது தோள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டு அறுந்துவிட்டன. ஆபரேஷன் செய்தும் கைக்கு உயிர் வரவில்லை. இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஆள் எங்கே?" என்றார் சார்.

"வரமாட்டேங்காரு."

"ஆள் இல்லாதெ அளவெடுக்க முடியாது மோளே. இது சட்டை மாதிரியாக்கும்."

லதா கிட்டாரை இறக்கி வைக்கவே இல்லை. "சார், அவரு மறுபடி மேடையேறணும், சம்பாதிக்கணும்னு எல்லாம் நான் கேக்கல. முன்னால வீட்டுல எந்நேரமும் இதுதான் சத்தம். அவர சோறு வைக்கச் சொன்னாக்கூட ரெண்டு தரம் கத்தணும். இப்ப ஒரு சத்தமும் இல்ல. என்னால அந்த வீட்டுல இருக்க முடியல."

சார் அவளுக்கு வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆளை வரச்சொல் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அவன் வந்தான், சண்டை போட. முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தான். வாசலில் நின்றபடியே, "என் பொண்டாட்டி இங்க ஆர்டர் குடுத்தாளாமே. அத கேன்சல் பண்ணுங்க" என்றான்.

"ஆர்டர் எடுத்தில்லல்லோ. கேன்சல் பண்ண ஒண்ணுமில்லா," என்றார் சார். "வெயில்ல வந்தது. சாயா குடிச்சிட்டுப் போ."

கோபத்தோடு வந்தவனுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உட்கார்ந்தான். சார் கழுத்து மரங்களை எடுத்து வந்து கொடுத்தார். என்ன இது என்று கேட்காமலேயே அவன் இடது கை ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தது. பிறகு சார் தன் கேள்வியைக் கேட்டார்.

"இப்பமா? எந்தக் கிட்டாரக் கண்டாலும் வருது."

"அதுக்கு முன்பு?"

ராஜன் கழுத்து தடித்த கிட்டாரைப் பற்றித் தொடங்கினான். வேகமான பாட்டில் கட்டை விரல் வலிக்கும் என்றான். ஜெனரேட்டர் போட்டதும் அழத் தொடங்கும் பிக்கப்பைப் பற்றிச் சொன்னான். சீரியல் லைட் மின்னும்போதெல்லாம் கூடவே டிக் டிக்கென்று அடிக்கிற ஒரு கிட்டாரை மேடையிலிருந்து வீசலாமா என்று நினைத்ததைச் சொன்னான். சொல்லும்போது சிரித்தான்.

நான் என் மேசையில், கம்பி சுற்றும் சட்டமான பாபினை ஒட்டிக்கொண்டிருந்தேன். அவன் இடது கை மேசை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. வெறும் தாளம் இல்லை. நான்கு விரலும் தனித்தனியே, ஒழுங்காக ஏறி இறங்கின.

"என்ன பாட்டு தம்பி அது?" என்று கேட்டேன்.

சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "பாட்டு இல்லக்கா, ஸ்கேலு, சரிகம மாதிரி. நிக்கவே மாட்டேங்கு. தூக்கத்துல அவ தோள்ல வாசிச்சுக்கிட்டே கெடக்கேனாம். கையப் புடிச்சு நிறுத்துவா. தூக்கம் போகுதுல்லா, அதான் இங்க வந்து நிக்கா."

சார் எழுந்து, தந்தி கட்டிய ஒரு கிட்டாரை அவன் முன் மேசையில் படுக்க வைத்தார். ராஜன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு விரலால் தந்தியைக் குத்தினான். மீட்டாமலே, விரல் விழுந்த இடத்தில் ஒரு சுரம், கொசு பாடுவது போலக் கேட்டது.

"இது கேக்காது சார்," என்றான்.

"கேக்க வெக்குறது ஈஸ்வரியுடெ ஜோலி," என்று சார் என்னைக் காட்டினார்.

சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் ராஜன் போய்விட்டான். நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

ஆசாரிக்குத்தான் முதல் தலைவலி. சாதாரணமாக வலது முழங்கை அழுத்தத்தில்தான் கிட்டார் அசையாமல் நிற்கிறது. அந்தக் கை இல்லாவிட்டால் விரல் பட்டதும் ஆடும். பலா மரத்தில் உடல் செய்து, உள்ளே குடைந்து எடை குறைத்தார். தொடையில் பிடித்து நிற்க, பலாவிலேயே வளைந்த கால் ஒன்று செதுக்கினார். அது சரியாக வரும்வரை தானே நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, எங்களை ஆட்டிப் பார்க்கச் சொல்வார். சார் பித்தளையில் ஒரு சின்னக் கிளிப் செய்தார். அதில் கம்பளித்துணிப் பட்டை ஒன்றை வைத்துக் கழுத்தின் தலைமாட்டில் தந்திகள்மேல் பொருத்தினார். விரல் எடுத்ததும் தந்தி தானாக முழங்காமல் இருக்க அது வேண்டும். தந்தி மெல்லியது, அதுவும் கழுத்தின் குறுக்குக் கம்பிகளான ஃபிரெட்டுகளை உரசாத அளவுக்கு மிகத் தாழ்வாக.

விரல் தட்டும் சுரம் மெல்லியது என்பதால் பிக்கப் பலமாக இருக்கவேண்டும் என்று சாரும் நானும் முடிவு செய்தோம். பாபின் கொள்ளும் மட்டும் சுற்றினேன். அதைவிடப் பலமான காயிலை நான் அதுவரை சுற்றியதில்லை.

கிட்டார் ஆனதும் லதாவிடம் சொல்லி அனுப்பினோம். ராஜன் வந்து உட்கார்ந்தான். ஆசாரியின் பலாக்கால் தொடையில் சரியாக அமர்ந்தது. ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் விரலை வைத்தான். தொம் என்றது. நான்கு விரலையும் ஓட்டினான். தொம் தொம் தொம் தொம். விரல் மரத்தில் மோதும் ஓசை எல்லாம் பூதம் போல வெளியே வந்தது. சுரம் அதற்கு அடியில் எங்கோ நசுங்கிக் கிடந்தது. சார் ஆம்பில் எதையெதையோ திருப்பினார். தொம் குறைந்தால் சுரமும் கூடவே போனது.

ராஜன் கிளிப்பைக் கழற்றி, கிட்டாரை மேசையில் வைத்தான். கோபப்படவில்லை. "இது தபேலா சார்," என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

தாமஸ் சார் கோபம் வந்தாலும் வருத்தம் வந்தாலும் வாய் திறக்க மாட்டார். விளக்குமாற்றை எடுத்துப் பட்டறையைத் தானே பெருக்குவார். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போகமாட்டோம். அன்று மரத்தூள் இல்லாத இடத்தையும் பெருக்கினார்.

அடுத்த வாரம் லதா வந்தாள். சண்டைக்கு வரவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மேசையில தட்டிக்கிட்டு இருப்பாருல்லா, அதுவும் நின்னுபோச்சு. ராத்திரி கை அசையவே மாட்டேங்கு. நிம்மதியாத் தூங்கலாம்னு பாத்தா, அந்தக் கையப் பாத்துக்கிட்டே முழிச்சுக் கெடக்கேன்."

இருந்ததையும் நாங்கள் பறித்துவிட்டோமோ என்றிருந்தது. அவள் போன பிறகு சாரிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் அந்தக் கிட்டாரை எடுத்து என் முன் வைத்தார்.

"அவன் சத்தம் ஆளுக்குக் கேக்காதுன்னு நாம பயந்தோம். அதுகொண்டு கத்தவெச்சோம். அவன் பேசுறதைக் கேக்கவே இல்லல்லோ."

அந்தக் கிட்டாரை என் மேசைக்கு எடுத்து வந்து, என் இடது கை விரலால் தட்டித் தட்டி, மரத்தில் காதை வைத்துக் கேட்டேன். ஆம்ப் இல்லாதபோது அந்தச் சுரம் எவ்வளவு சுத்தமாக இருந்தது! கண்ணாடி வளையலில் நகம் பட்டது போல. நான் சுற்றிய கம்பிதான் அதைக் கொழகொழவென்று ஆக்கியிருந்தது. சுற்று ஏற ஏற சத்தம் ஏறும், தெளிவு இறங்கும். காயில் தெளிவாக மட்டும் இருந்தால் போதும், சத்தத்தை ஏற்றுகிற வேலையை ஆம்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பெட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் சார். பழைய காயிலை அறுத்துப் போட்டேன்.

புதியதற்கு இரண்டு சின்னச் சுருள். ஜெனரேட்டர் இரைச்சலை ஒன்று வாங்கினால் மற்றது எதிர்ப்பக்கமாக வாங்கும், இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். சுற்றும் மெஷின் பாபினை மட்டும்தான் சுழற்றும். கம்பியை விடுவது கட்டை விரலும் ஆட்காட்டி விரலும்தான். இறுக்கினால் அறுந்துவிடும். தளர்த்தினால் சுருளுக்குள் கம்பி ஆடும், விரல் மோதுகிற ஓசையை எல்லாம் அது பாட்டாக நினைத்துக்கொள்ளும். அதனால் மூச்சுவிடும்போதுகூட விரல் ஒரே பிடியில் இருக்கவேண்டும். பாதிக்குமேல் போனபிறகு ஒருமுறை அறுந்தது. முடிச்சுப் போட்டுத் தொடரலாம். நான் தொடரவில்லை, முதலிலிருந்து சுற்றினேன்.

பிறகு மெழுகு. பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கவேண்டும். சூடு ஏறினால் பாபின் நெளிந்துவிடும். சுருளை அதில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். கடைசிக் குமிழும் வந்து நின்றால் கம்பிகளுக்கு இடையில் எல்லாம் மெழுகு இறங்கிவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக ஒருமுறை முக்குவோம். இதை ஆறவைத்து மறுபடி முக்கினேன்.

எல்லாம் ஆனது. ஆள் இல்லை. ராஜன் ஃபோனை எடுக்கவில்லை. "நிர்பந்திக்காதே," கட்டாயப்படுத்தாதே என்றார் சார். நான் வேலை முடிந்து சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். லதா கடையிலிருந்து வந்திருக்கவில்லை. ராஜன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, நீ சொன்னது சரிதான். அது தபேலாதான்," என்றேன். "அந்தக் காயில அறுத்துப் போட்டுட்டேன். வேற சுத்தியிருக்கேன். சரியா வந்திருக்கான்னு எனக்குத் தெரியல. என் வெரல் தட்டினா என் வெரல் சத்தந்தான் வருது. உன் வெரல் வேணும். கிட்டார நீ எடுத்துக்கிட வேண்டாம். எனக்காக ஒருக்கா வந்து தட்டிப் பாத்துச் சொல்லு."

அவன் டி.வி.யை அணைத்தான். "அறுத்தா போட்டீங்க? அவ்வளவு கம்பியையுமா?"

"அவ்வளவையும்."

மறுநாள் வந்தான். உட்கார்ந்து, கிளிப்பை மாட்டி, ஒரு விரலை வைத்தான். சுரம் வந்தது. சுரம் மட்டும். தலையைச் சாய்த்து அது தேய்ந்து அடங்கும்வரை கேட்டான். இரண்டாவது விரல், மூன்றாவது. பிறகு எதையோ தொடங்கித் தடுமாறி நின்றான், மறுபடி தொடங்கினான். முன்பு மீட்டிய வாசிப்பு இல்லை இது. தண்ணீர் சொட்டுவது போல ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விழுந்தது. ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். சார் ஆம்பின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திடீரென்று நிறுத்தி, "அக்கா, என் சட்டைப் பையில ஃபோன் இருக்கு. அவளக் கூப்பிடுங்க" என்றான். அவனுக்கு வேறு கை ஏது? நான்தான் எடுத்து, லதாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"கஸ்டமர் நிக்காங்க, சீக்கிரம் சொல்லுங்க," என்றாள் லதா. பின்னால் கடை இரைச்சல்.

"கேளு," என்று சொல்லிவிட்டு வாசித்தான். நான்கைந்து வரி இருக்கும். அந்தப் பக்கம் யாரோ பட்டுச் சேலை விலை கேட்கும் குரல் மட்டும் வந்தது.

"யாரு வாசிக்கது?" என்றாள் கடைசியில்.

"கஸ்டமரப் பாரு, போ," என்றான் ராஜன். அவன் முகத்தை நான் பார்க்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டேன்.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. தெரிந்த பாட்டுகளை எல்லாம் முதலிலிருந்து வேறு விதமாகப் படிக்கவேண்டியிருந்தது. சிலவற்றை ஒரு கையால் வாசிக்கவே முடியாது, அவற்றை விட்டான். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்ட் இடங்களைக் குழுவில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதற்காக ஒருநாள் பட்டறையில் வந்து அழுதான். ஒரு திருவிழா சீசன் முழுக்க வீட்டிலேயே போயிற்று. அடுத்த சீசனில் குழுத் தலைவர், நிகழ்ச்சிக்கு இரண்டு பாட்டில் தனி வாசிப்பு தருகிறேன் என்றார். விபத்தில் கை போன கலைஞர் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாமா என்றும் கேட்டாராம். சொன்னால் மேடையேற மாட்டேன் என்றுவிட்டான் ராஜன்.

நகரத்துக்கு வெளியே ஒரு கோயில் திருவிழா. லதா என்னையும் கூட்டிப் போனாள். மைதானத்தில் மணலில் தாள் விரித்து உட்கார்ந்தோம். அறிவிப்பாளர் அவன் பெயரை மட்டும் சொன்னார். ராஜன் கறுப்புக் கோட்டில் உயரமான ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்திருந்தான். வலது கையைக் கோட்டுப் பைக்குள் செருகியிருந்தான். பாட்டின் நடுவே அவன் இடம் வந்தது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, மேடை முழுக்கச் சீரியல் லைட். என் காதில் அவை ஒன்றும் விழவில்லை. மைதானத்தின் கடைசிவரை அந்தச் சுரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

எங்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் கடலை தின்றபடி நின்றிருந்தார். பக்கத்தில் இருந்தவரைத் தோளில் தட்டி மேடையைக் காட்டினார். "எந்தொரு அகங்காரமாணு நோக்கிக்கே! ஒரு கையெ போக்கட்டில் இட்டோண்டல்லே வாயிக்குன்னது!"

அகங்காரத்தைப் பார், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டல்லவா வாசிக்கிறான் என்கிறார்.

நான் எழுந்து அவரிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று பார்த்தேன். லதா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "சும்மா இருங்கக்கா," என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு அகங்காரந்தான். எப்பவுமே உண்டு."